இப்போது கையில் என்ன காமிக்ஸ் இருக்கிறது? முடிந்துபோன கதையாகச் சொல்லுங்கள்

மைக்கறை:

நண்பர்களே, இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதில் எதை இன்னொருவர் கையில் தைரியமாகக் கொடுப்பீர்கள்? ஒரே ஒரு நிபந்தனை, கதை முடிந்திருக்க வேண்டும். சூப்பர்ஹீரோ தொடர்கள் எனக்கு அலுத்துவிட்டன. ஒரு கதையைப் பிடித்தால் அதன் நடுப்பகுதி வேறொரு ஹீரோவின் இதழில் கிடக்கிறது, முடிவு ஏதோ ஒரு மெகா தொடரில் வருகிறது, அது முடிந்த கையோடு எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். செத்தவர் கொஞ்ச நாளில் எழுந்து வந்துவிடுகிறார். நாம் வருத்தப்பட்டதெல்லாம் வீண்.

நான் இப்போது படிப்பது ப்ளூட்டோ. நவோகி உரசாவா 2003 முதல் 2009 வரை வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், மொத்தமே 8 தொகுதிதான். ஒசாமு தெசூகாவின் ஆஸ்ட்ரோ பாய் தொடரில் 1960களில் வந்த ஒரு கதையை எடுத்து, சிறுவர்களுக்கான அந்த ரோபோ சண்டையை ஒரு கொலை விசாரணையாக மாற்றியிருக்கிறார். உலகத்திலேயே பலம் வாய்ந்த 7 ரோபோக்களை யாரோ ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். வழக்கைத் துப்பறியும் கெசிஹ்டும் அந்த ஏழில் ஒருவர், அதாவது விசாரிக்கிறவரே பட்டியலில் இருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சிறுவன் ஆட்டமை, அதாவது ஆஸ்ட்ரோ பாயை, முதல் தொகுதி முடிகிற இடத்தில்தான் கண்ணில் காட்டுகிறார் மனிதர். என்ன ஒரு நிதானம்!

முதல் தொகுதியிலேயே போர்க்களத்தில் இருந்த ஒரு ரோபோ, பார்வையில்லாத ஒரு வயதான இசையமைப்பாளரிடம் வேலைக்கு வரும் பகுதி இருக்கிறது. ரோபோவுக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை. பெரியவருக்கோ இயந்திரம் என்றாலே ஆகாது. ரோபோவின் முகம் உலோகம், அசையவே அசையாது, இருந்தும் ஒவ்வொரு படக்கட்டத்திலும் அதற்கு என்ன தோன்றுகிறது என்று நமக்குத் தெரிகிறது. இதை எப்படி வரைந்தார் என்று முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பேச்சு பலூனைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓட முடியாதபடி படத்தில் பிடித்து நிறுத்துகிற இந்த மாதிரிக் கதைகள் வேண்டும். சண்டை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

நீர்வண்ணம்:

பிளாக்சாட். வேறு யோசனையே வேண்டாம். எழுதியவர் ஹுவான் டியாஸ் கனாலெஸ், வரைந்தவர் ஹுவான்ஹோ குவார்னிடோ. இருவருமே ஸ்பெயின்காரர்கள், ஆனால் முதல் ஆல்பம், அதாவது முதல் புத்தகம், 2000இல் பிரெஞ்சில்தான் வந்தது. 1950களின் அமெரிக்கா, மழைக்கோட்டுப் போட்ட தனியார் துப்பறிவாளர், புகை, துரோகம் என்று பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப்படங்களின் எல்லாச் சரக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், எல்லோரும் விலங்குகள். பிளாக்சாட் ஒரு கறுப்புப் பூனை, போலீஸ் அதிகாரி ஸ்மிர்னோவ் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு.

குவார்னிடோ பாரிஸில் டிஸ்னியின் அனிமேஷன் கூடத்தில் வேலை பார்த்தவர். அது ஒவ்வொரு உடம்பிலும் தெரியும், யார் எப்படி நாற்காலியில் சாய்கிறார்கள் என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். எல்லாம் கையால் தீட்டிய நீர்வண்ணம். இரண்டாவது ஆல்பமான ஆர்க்டிக் நேஷனில் வெள்ளை ரோமம் உள்ள விலங்குகள் மட்டும் சேர்ந்து ஓர் இனவெறிக் கும்பல் நடத்துகின்றன. விலங்கு முகம் என்பது வெறும் அலங்காரம் இல்லை, கதையே அதில்தான் நிற்கிறது என்று அங்கே புரியும்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ஆண்களுக்கெல்லாம் முழு விலங்கு முகம் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு மட்டும் மனித முகத்தில் காதும் மூக்கும் ஒட்டவைத்தது போல வரைகிறார். அழகாக இருக்க வேண்டுமாம். ஓநாயோ ஒட்டகமோ ஆணாக இருக்கலாம், பெண் என்றால் அழகிதான். இவ்வளவு கூர்மையான கைக்கு இது சோம்பேறித்தனம்.

உங்கள் நிபந்தனைக்கும் பொருந்தும். முதல் ஐந்து ஆல்பமும் தனித்தனி வழக்குகள். 6, 7 மட்டும் சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரே கதை, எனவே ஏழும் கையில் இருக்கும்போது தொடங்குங்கள்.

கடைசிக்கட்டம்:

நான் இப்போது மறுபடி எடுத்திருப்பது டேட்ரிப்பர். பிரேசிலைச் சேர்ந்த இரட்டையர்கள் ஃபேபியோ மூன், கேப்ரியல் பா இருவரும் சேர்ந்து செய்தது. 2010இல் பத்து இதழ்களாக வந்து முடிந்தது, ஒரே புத்தகமாகவும் கிடைக்கிறது. பிராஸ் என்று ஒருவன், பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதுவது அவன் வேலை. அப்பா புகழ்பெற்ற எழுத்தாளர், இவனுக்கும் நாவல் எழுத ஆசை, ஆனால் தினமும் எழுதுவது யாரோ ஒருவரின் சாவைப் பற்றி. முதல் அத்தியாயத்தில் அவனுக்கு வயது 32, அது முடியும்போது அவன் இறந்துவிடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் வேறொரு வயது, அங்கேயும் இறக்கிறான். அதற்கு அடுத்ததிலும்.

விளக்கமே கொடுக்க மாட்டார்கள். காலப்பயணம், இணை உலகம் என்று எதுவும் கிடையாது. அந்த வயதில் அவன் வாழ்க்கை முடிந்திருந்தால் அதில் எது பெரிதாக இருந்திருக்கும் என்பதுதான் ஒவ்வொரு அத்தியாயமும். ஒருவனுக்கு முதல் முத்தம், இன்னொருவனுக்கு நண்பன். இருவரும் ஒரே பிராஸ்தான் என்பது தெரிந்தும் மனம் வேறு வேறு ஆளாகவே நினைக்கிறது. வண்ணம் டேவ் ஸ்டீவர்ட். வெளிச்சம் மாறுவதை வைத்தே அன்றைய முடிவு நெருங்குகிறது என்று பயம் வரும். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும்.

ரப்பர்துண்டு:

@கடைசிக்கட்டம் தலைவரே, பெரிய உண்மையைப் போட்டு உடைத்துவிட்டீர்களே! ஒரு ஸ்பாய்லர் எச்சரிக்கையாவது வைத்திருக்கலாம். சரி, போனது போகட்டும்.

என் வீட்டில் பத்து வயது வாசகி ஒருத்தி இருக்கிறாள். சிரிக்கவும் வேண்டும், நீளமாகவும் இருக்க வேண்டும் என்கிறாள். மைக்கறை கேட்டதற்குள் என் கேள்வியையும் நுழைத்துவிடுகிறேன், மன்னிக்கவும்.

கடைசிக்கட்டம்:

இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம் அது. உடைத்தது கதவைத்தான், வீட்டுக்குள் இருப்பது எல்லாம் அப்படியே இருக்கிறது.

குதிரைக்காரன்:

@ரப்பர்துண்டு போன் (Bone) என்ற காமிக்ஸ். ஜெஃப் ஸ்மித் 1991இல் சொந்தமாக வெளியிட ஆரம்பித்து 2004இல் முடித்தது. 55 இதழ், சேர்த்துக் கட்டிய புத்தகம் 1300 பக்கத்துக்கு மேல். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட மூன்று வெள்ளைக் கொழுக்கட்டை உருவங்கள் ஒரு பள்ளத்தாக்கில் வந்து மாட்டிக்கொள்கின்றன. அங்கே டிராகன், மாட்டுப் பந்தயம், மாடுகளோடு தானும் ஓடி ஜெயிக்கிற ஒரு பாட்டி. முதல் பாதி வயிறு குலுங்கச் சிரிப்பு. மூவரில் ஒருவனான ஃபோன் போன் தனக்குப் பிடித்த மோபி டிக் நாவலை வாசிக்க ஆரம்பித்தால் கேட்கிறவர் எவராயிருந்தாலும் தூங்கிவிடுவார், அந்த ஒரே நகைச்சுவையை மனிதர் எத்தனை விதமாகத் திருப்பிப் போடுகிறார் பாருங்கள்.

பிற்பாதியில் போர் வருகிறது, இருட்டுகிறது. பத்து வயதுக்குத் தாங்கும், ஆனால் நீங்களும் பக்கத்தில் இருந்து படியுங்கள். முதலில் வந்தது கறுப்பு வெள்ளை, வண்ணம் பின்னால் ஸ்டீவ் ஹாமேக்கர் சேர்த்தது. குழந்தைக்கு வண்ணப் பதிப்பு. உங்களுக்குக் கறுப்பு வெள்ளை, ஏனென்றால் அந்தத் தூரிகைக் கோடு பனியில் எப்படி நிற்கிறது என்று அதில்தான் தெரியும். வண்ணம் கெட்டது என்று சொல்லவில்லை, கோட்டை மூடிவிடுகிறது.

அப்புறம் மைக்கறைக்கு. முடிந்த கதைதான் வேண்டும் என்பதே எனக்கு ஒப்பவில்லை. உசாகி யோஜிம்போவை என்ன செய்வீர்கள்? ஸ்டான் சகாய் 1984 முதல் அந்த முயல் சாமுராயைத் தன் கையாலேயே எழுதி வரைந்துகொண்டிருக்கிறார். உங்கள் சூப்பர்ஹீரோ குழப்பம் எதுவும் இங்கே கிடையாது, ஒரு முயல், ஒரு பாதை, வழியில் ஒரு கதை, அவ்வளவுதான். பாதிக் கதைகள் ஓர் இதழிலேயே முடிந்துவிடும். வாளை எப்படி அடித்துச் செய்கிறார்கள், பட்டம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் காட்டுவார், அந்த வேலைக்குள்ளேயே கதை ஒளிந்திருக்கும். வாள் வீச்சில் ஒருவன் விழுந்தால் அவன் வாயிலிருந்து பலூனில் ஒரு சின்ன மண்டையோடு வெளியே வரும். ரத்தமே இல்லாமல் சாவைக் காட்டுகிற வழி. முதலில் சிரிப்பு வரும், பழகிய ஒருவர் வாயிலிருந்து அதே மண்டையோடு வரும்போது சிரிப்பு வராது.

நீளமாக ஒன்று வேண்டுமென்றால் அதில் கிராஸ்கட்டர் என்ற கதையிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்பதுகட்டம்:

சூப்பர்ஹீரோ அலுத்துவிட்டது என்று ஒருவர் சொல்லி இத்தனை பதில் வந்தும் வாட்ச்மென் பெயரை யாரும் எடுக்கவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது. சூப்பர்ஹீரோக்களையே கேலியாகக் கேள்வி கேட்கிற கதை அது. 1986, 87இல் வந்த 12 இதழ், முடிந்த கதை, வேறு எந்த இதழையும் தேட வேண்டாம். ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம்.

பக்கத்தை ஒன்பது சம கட்டமாகப் பிரித்துக்கொண்டு அதற்குள்ளேயே பெரும்பாலும் நடத்தியிருக்கிறார் கிப்பன்ஸ். பார்க்கச் சலிப்பாக இருக்கும் என்று தோன்றலாம். நடப்பது நேர் எதிர். கட்டம் மாறாததால் கட்டத்துக்குள் மாறுவது எதுவும் கண்ணுக்குத் தப்பாது. ஐந்தாவது இதழை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கட்ட அமைப்பில் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம், இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் அப்படியே, இப்படியே போய் நடுப்பக்கத்தில் சந்திக்கின்றன. இது தெரியாமல் படித்தாலும் கதை ஓடும். தெரிந்து படித்தால் கையில் இரண்டு புத்தகம் இருப்பது மாதிரி.

குதிரைக்காரன்:

வாட்ச்மென் அருமை, மறுப்பே இல்லை. ஆனால் அலுத்துப்போனவர் கையில் அதைக் கொடுப்பது சரியா? கேலி செய்யப்படுகிற விஷயத்தின் மேல் கொஞ்சமாவது ஆசை மிச்சம் இருந்தால்தான் அந்தக் கத்தி குத்தும். போதாக்குறைக்குக் கடைசி இதழைத் தவிர ஒவ்வொரு இதழின் முடிவிலும் சுயசரிதைப் பகுதி, மருத்துவக் குறிப்பு, கட்டுரை என்று உரைநடை வேறு. நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விட்டு, கதை புரியவில்லை என்கிறார்கள்.

ஒன்பதுகட்டம்:

தாண்டிப் போகிறவர்கள் பிழைக்கு மூர் என்ன செய்வார்? நடுவில் ஒரு பையன் தெருவோரத்தில் உட்கார்ந்து கடற்கொள்ளையர் காமிக்ஸ் படித்துக்கொண்டே இருக்கிறானே, அதையும் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கதைதான் வில்லனின் மனசு. கண்ணை மெதுவாக ஓட்டத் தெரியாதவர்களுக்கு எந்த காமிக்ஸும் வேலை செய்யாது.

திக்னா:

எல்லோரும் கட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கட்டமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பீமாயனா, 2011இல் வந்தது. அம்பேத்கரின் வாழ்க்கை. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். ஓவியம் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். இருவரும் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரைய அவர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் பக்கத்தைக் கோடு போட்டுப் பிரிக்காமல், தங்கள் ஊர்ச் சுவரில் தீட்டுகிற திக்னா வடிவங்களை வளைத்து நெளித்து இடையே ஓட விட்டிருக்கிறார்கள். கண் எங்கே தொடங்கி எங்கே போக வேண்டும் என்று முதல் சில பக்கங்கள் தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது பலூன்கள். அன்பாகவோ பாதிக்கப்பட்டோ பேசுகிறவர்களின் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். சாதித் திமிரோடு பேசுகிறவர்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு வால். மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண் வரைந்த பலூன். சிறுவன் பீம் தண்ணீர் கேட்கிற இடத்தில் வார்த்தையைப் படிக்கும் முன்பே அந்தக் கொடுக்கு கண்ணில் படுகிறது, என்ன பதில் வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. எழுத்தால் இதைச் செய்யவே முடியாது. நாவலில் பேச்சை எழுதிய பிறகுதான் விஷம் தெரியும், இங்கே விஷம் முதலில் வருகிறது.

வாழ்க்கை வரலாறு என்ற வகையில் சில பகுதிகள் அவசரமாகப் போகின்றன, நிறையத் தகவலை ஒரே பக்கத்தில் திணிக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மைக்கறை கேட்ட 'படத்தில் பிடித்து நிறுத்துகிற' விஷயத்துக்கு இதைவிட வேறு உதாரணம் என்னிடம் இல்லை.

சத்தமே வேண்டாம் என்றால் ஜிரோ தனிகுச்சியின் தி வாக்கிங் மேன். ஒருவர் நடக்கிறார். மரம் ஏறுகிறார், மழையில் நனைகிறார், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் கதை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், படித்தால் கீழே வைக்க மாட்டார்கள்.

நீர்வண்ணம்:

திக்னா சொன்ன பிறகு ஒரு பின்குறிப்பு. இதையெல்லாம் கைபேசித் திரையில் கட்டம் கட்டமாகத் தள்ளிப் படிக்கிறவர்கள் தயவுசெய்து பீமாயனாவையும் வாட்ச்மெனையும் அப்படித் தொடாதீர்கள். ஒரு கட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிற வசதி இருக்கிறதே, அது பக்கத்தைக் கொன்றுவிடும். அந்த ஐந்தாம் இதழின் கண்ணாடி அமைப்பு பக்கத்தை முழுசாகப் பார்த்தால்தான் உண்டு. புத்தகம் கிடைக்காவிட்டால் பெரிய திரையில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

மங்காவில் இன்னொரு சங்கடம். பழைய ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய பக்கத்தை அப்படியே திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாக மாற்றினார்கள், வாள்வீரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். லோன் வுல்ஃப் அண்ட் கப் தொடரின் 28 தொகுதியும் ஆங்கிலத்தில் அப்படித்தான் வந்தன. கதை கெடவில்லை, ஆனாலும் உறுத்தும். இப்போது வருகிறவை பெரும்பாலும் வலமிருந்து இடம்தான், ஒரு தொகுதிக்குள் கண் பழகிவிடும்.

தங்கக்கல்லறை:

தாமதமாக வருகிறேன். தமிழில் கேப்டன் டைகர் என்று நாம் படித்தோமே, அந்த ப்ளூபெர்ரி என்ற பிரெஞ்சு வெஸ்டர்ன் தொடரைத்தான் இப்போது வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜான்-மிஷெல் ஷார்லியே எழுத்து, ஜான் ஜிரோ ஓவியம் (தனிகுச்சி இல்லை, இவர் பிரெஞ்சுக்காரர்), 1963இல் தொடங்கியது. ஆரம்ப ஆல்பங்களில் ஜிரோ தன் குருநாதர் ஜிஜேவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரைகிறார். போகப் போகத் தூசியும் பாறையும் தாடியும் அவருடையதாகவே மாறுகின்றன. ஒரு மனிதனின் கை வளர்வதைக் கண்ணால் பார்க்க வேறு எந்தத் தொடர் இருக்கிறது? இதே ஆள்தான் மோபியஸ் என்ற பெயரில் தி இன்கால் வரைந்தவர். முதலில் அதை நான் நம்பவே இல்லை, ஒன்றில் ஒவ்வொரு கூழாங்கல்லும் இருக்கும், மற்றதில் வெட்டவெளியில் ஒரே ஒரு சுத்தமான கோடு.

டைகரை எங்கே தொடங்குவது என்றால் தங்கக் கல்லறைதான், என் பெயரே சொல்லும்.

மைக்கறை:

அடேயப்பா, ஒரு வேலை முடிந்து வந்து பார்த்தால் இத்தனை பதில்! எல்லோருக்கும் நன்றி.

பீமாயனாவும் டேட்ரிப்பரும் முதலில், அதில் சந்தேகமில்லை. @கடைசிக்கட்டம், உடைத்தது கதவைத்தான் என்பதை நம்பிப் போகிறேன். பிளாக்சாட் அடுத்து. வாட்ச்மெனைக் குதிரைக்காரன் சொன்ன காரணத்துக்காகவே தள்ளி வைக்கிறேன், ஆசை திரும்பி வந்தால் எடுக்கிறேன். உசாகியில் மட்டும் நீங்கள் என் நிபந்தனையைக் கள்ளத்தனமாக மீறிவிட்டீர்கள், இருந்தாலும் அந்த மண்டையோட்டுக்காகப் பார்க்கலாம்.

ஒரு துணைக் கேள்வி. ப்ளூட்டோ முடியப்போகிறது, உரசாவாவை விட மனமில்லை. மான்ஸ்டர் 18 தொகுதி, ட்வென்டியத் செஞ்சுரி பாய்ஸ் 22 தொகுதியும் வால் மாதிரி இன்னொரு 2 தொகுதியும். எது?

கடைசிக்கட்டம்:

மான்ஸ்டர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர், மேயரை விட்டுவிட்டு ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றுகிறார், அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரன் ஆகிறான். இது தொடக்கம்தான், எனவே @ரப்பர்துண்டு, திட்ட வேண்டாம். நடுநடுவே மருத்துவரைக் காணவே காணோம், யாரோ ஒரு ஊர்க்காரர் கதை ஒரு தொகுதி முழுக்க ஓடும். பொறுமையாக இருங்கள், அந்த ஊர்க்காரர்கள்தான் அந்தத் தொடரின் உயிர்.

ஒன்பதுகட்டம்:

நானும் மான்ஸ்டர் கட்சி. மற்றது தொடக்கத்தில் பறக்கும். சின்ன வயதில் விளையாட்டாக எழுதிய உலக அழிவுக் கதையை யாரோ நிஜமாகவே நடத்த ஆரம்பிக்கிறார் என்பதைவிட நல்ல தொடக்கம் காமிக்ஸில் அபூர்வம். ஆனால் முகமூடிக்குப் பின்னால் யார் என்பதைத் தள்ளித் தள்ளிப் போட்டே பிற்பாதியை ஓட்டுகிறார். மான்ஸ்டரில் ஆள் யார் என்று சீக்கிரமே தெரியும், ஏன் என்பதுதான் கேள்வி. அதனால் இரண்டாம் முறையும் படிக்கலாம்.

ரப்பர்துண்டு:

திட்டவில்லை, திட்டவில்லை. போன் முதல் பகுதி வந்துவிட்டது. வாசகி மாட்டுப் பந்தயம் எப்போது வரும் என்று இப்போதே கேட்கிறாள், எத்தனையாவது பகுதி என்று யாராவது சொல்லுங்கள்.

குதிரைக்காரன்:

இரண்டாவது. பெயரே தி கிரேட் கௌ ரேஸ்தான். மூன்றாவதையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டோடு நிறுத்த விடமாட்டாள்.